சட்டமன்றத் தேர்தலில் முதல் முறை நிற்பவருக்கு: பணம் வாங்குவது, செலவழிப்பது, கணக்குக் காட்டுவது

கணக்கு விஷயத்தில் தேர்தல் ஆணையம் தகுதி நீக்கம் செய்தவர்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதில் பெரும்பாலோர் வரம்பு மீறி வாரி இறைத்தவர்கள் அல்ல. டெபாசிட் போன கையோடு வீட்டுக்குப் போய், செலவுக் கணக்கைத் தாக்கல் செய்யாமலே விட்ட சுயேச்சைகளும் சிறு கட்சிக்காரர்களும்தான். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 10-ஏ பிரிவின்படி அதற்கு மூன்று ஆண்டுத் தடை. அந்த மூன்று ஆண்டுக்குள் உள்ளாட்சித் தேர்தலோ நாடாளுமன்றத் தேர்தலோ இடைத்தேர்தலோ வந்துவிடுகிறது. அப்போதுதான் ஆள் முழிக்கிறார்.

தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளருக்கான செலவு வரம்பு 40 லட்சம் ரூபாய். 2021 தேர்தலில் 30 லட்சத்து 80 ஆயிரமாக இருந்தது 2022 ஜனவரியில் உயர்ந்தது. பெரிய கட்சி வேட்பாளர்களின் உண்மையான செலவு இந்த எண்ணுக்குள் அடங்குகிறதா என்பது டீக்கடையில் எல்லோருக்கும் பதில் தெரிந்த கேள்வி. நேர்மையாக நிற்க வரும் புதியவரின் சிக்கல் வேறு. அவர் நாலைந்து லட்சம்தான் செலவழிப்பார். ஆனால் அதற்கும் காகிதம் இருக்காது.

வேட்புமனுவுக்கு முந்தைய வாரம்

முதல் வேலை வங்கிக் கணக்கு. தேர்தல் செலவுக்கென்றே தனியாக ஒன்று தொடங்க வேண்டும், அதுவும் மனுத் தாக்கலுக்குக் குறைந்தது ஒரு நாள் முன்பு. தேசிய வங்கி, கூட்டுறவு வங்கி, அஞ்சலகம் எதுவானாலும் சரி. ஏற்கெனவே வைத்திருக்கும் சேமிப்புக் கணக்கைக் காட்டினால் ஏற்க மாட்டார்கள். உங்கள் பெயரில் மட்டுமோ, தேர்தல் முகவரோடு (உங்கள் சார்பில் தேர்தல் வேலையைப் பார்க்க நீங்கள் நியமிப்பவர்) சேர்த்தோ தொடங்கலாம். மனைவியோடோ மகனோடோ கூட்டுக் கணக்கு கூடாது. அவரே உங்கள் தேர்தல் முகவராக இருந்தால் மட்டும் விலக்கு. காசோலைப் புத்தகத்தைக் கையோடு கேட்டு வாங்குங்கள். கணக்கு எண்ணை மனுவோடு தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எழுத்தில் தர வேண்டும்.

உங்கள் சொந்தப் பணமானாலும் முதலில் இந்தக் கணக்கில் போட்டு, அதிலிருந்துதான் எடுத்துச் செலவழிக்க வேண்டும். புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். பாக்கெட்டிலிருந்து ஐயாயிரத்தை எடுத்து ஆட்டோக்காரரிடம் கொடுத்துவிட்டு, இரவு கணக்கில் 'சொந்தப் பணம்' என்று எழுதுவார்கள். வங்கிப் பக்கத்தில் அதற்குச் சுவடே இருக்காது.

இரண்டாவது வேலை, கணக்கு எழுத ஓர் ஆள். தேர்தல் முகவர் தவிர, செலவுக் கணக்கை மட்டும் கவனிக்கக் கூடுதல் முகவர் ஒருவரை நியமிக்க ஆணையம் அனுமதிக்கிறது. பிரசாரத்துக்குக் கூட வருபவரை இதற்குப் போடாதீர்கள். பில் கொடுக்காதவரிடம் சண்டை போட்டுப் பில் வாங்கும் ஆள் வேண்டும். கடைக் கணக்கு எழுதிப் பழகியவர், ஓய்வு பெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலாளர் மாதிரியானவர்கள் பொருத்தம். வேட்பாளரே எழுதிக்கொள்வதாகச் சொன்னால் நம்ப வேண்டாம். மூன்றாம் நாளே நின்றுவிடும்.

மூன்றாவது, மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வெளியிடும் விலைப் பட்டியல். நாற்காலி, சாமியானா, மேடை, ஜெனரேட்டர், ஃபிளெக்ஸ் சதுர அடி, மாலை, சால்வை, டீ, சாப்பாடு, கார் நாள் வாடகை என எல்லாவற்றுக்கும் அதில் ஒரு தொகை இருக்கும். அரசியல் கட்சிகளைக் கூப்பிட்டுப் பேசித்தான் நிர்ணயிப்பார்கள். ஏதாவது விலை உங்கள் ஊர் நிலவரத்துக்குக் கூடுதலாகத் தெரிந்தால் தொடக்கத்திலேயே மனுக் கொடுங்கள். நடுவில் போய் 'எங்கள் ஊரில் பந்தல் மலிவு' என்றால் எடுபடாது.

எந்த நாள் முதல் எந்த நாள் வரை

மனுத் தாக்கல் செய்த நாள் தொடங்கி முடிவு அறிவிக்கும் நாள் வரை, அந்த இரண்டு நாளும் சேர்த்து. மனுத் தாக்கலுக்குப் போன ஊர்வலம், மேளம், பட்டாசு எல்லாம் உங்கள் முதல் செலவு. முன்கூட்டியே அடித்து வைத்த நோட்டீசையும் தொப்பியையும் அதற்குப் பிறகு பயன்படுத்தினால் அவையும் கணக்கில் வரும். 'இது போன மாதமே அடித்தது' என்பது பதிலாகாது. மறுபுறம், வாக்குப்பதிவோடு கணக்கு முடிந்தது என்று நினைப்பவர்கள் வாக்கு எண்ணும் மையத்து முகவர்களின் சாப்பாடு, வண்டிச் செலவை எழுதாமல் விடுகிறார்கள்.

பணம் வாங்கும்போது

ஒருவரிடமிருந்து ரொக்கமாக 10,000 ரூபாய்க்கு மேல் நன்கொடையோ கடனோ வாங்கக் கூடாது. அதற்கு மேல் என்றால் காசோலை, வரைவோலை, வங்கிப் பரிமாற்றம். சிறு தொகையாகப் பலரிடம் திரட்டுபவர்கள் யுபிஐ க்யூஆர் அட்டையை இந்தத் தேர்தல் கணக்கோடு இணைத்து வைப்பது நல்லது. ஆனால் வங்கிப் பட்டியலில் வெறும் பெயரும் எண்ணும்தான் வரும். கொடுத்தவரின் முழுப் பெயரையும் முகவரியையும் நீங்கள் தனியே வாங்கி வைக்க வேண்டும். ரசீதுப் புத்தகம் அடித்து, அடிக்கட்டையை விடாமல் வைத்திருங்கள்.

நன்கொடையாளர் பலரும் கேட்பது வருமான வரிச் சலுகை. 80-ஜிஜிசி பிரிவு அரசியல் கட்சிக்கும் தேர்தல் அறக்கட்டளைக்கும் கொடுத்தால்தான் பொருந்தும். சுயேச்சையின் கணக்கில் போட்டால் கிடையாது. இதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள், பிறகு மனக்கசப்பு வராது.

சிங்கப்பூரிலோ கனடாவிலோ இருக்கும் சொந்த ஊர்க்காரர்கள் அனுப்ப முன்வருவார்கள். இந்தியக் குடியுரிமையை விட்டு அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றவரானால் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி அவர் 'வெளிநாட்டு மூலம்'. அந்தச் சட்டம் வெளிநாட்டுப் பங்களிப்பு பெறக் கூடாதவர்கள் என்று சொல்லும் பட்டியலில் தேர்தல் வேட்பாளரும் இருக்கிறார். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவரிடம் அந்தத் தடை இல்லை. அரசு நிறுவனங்களும், தொடங்கி மூன்றாண்டு நிறையாத கம்பெனிகளும் அரசியல் நன்கொடை தரவே முடியாது.

கட்சி கொடுக்கும் பணம் ரொக்கமாக வரக் கூடாது. காசோலையாகவோ பரிமாற்றமாகவோ உங்கள் தேர்தல் கணக்குக்கு வர வேண்டும்.

பொருளாக வருவதுதான் சிக்கல். உறவினர் தன் காரைப் பத்து நாள் இலவசமாகத் தருகிறார் என்று வையுங்கள். வாடகை நீங்கள் கொடுக்கவில்லை. ஆனாலும் விலைப் பட்டியல்படி பத்து நாள் வாடகை உங்கள் செலவு. அதே தொகை வரவுப் பக்கத்திலும் 'பொருள் வகை நன்கொடை' என்று அவர் பெயரோடு வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் கடைசியில் வரவும் செலவும் ஒட்டாது.

மூன்று நிறப் பக்கங்கள்

மனுத் தாக்கலின்போது தேர்தல் நடத்தும் அலுவலர், பக்க எண்ணிட்டுச் சான்றளித்த ஒரு பதிவேட்டைத் தருவார். வெள்ளைப் பக்கங்கள் அன்றாடக் கணக்கு, இளஞ்சிவப்பு ரொக்கப் பதிவேடு, மஞ்சள் வங்கிப் பதிவேடு. பக்கம் கிழிக்கக் கூடாது. தவறாக எழுதினால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, கையெழுத்திட்டு, பக்கத்தில் சரியாக எழுதுங்கள். வெள்ளை மை தடவினால் சந்தேகம்தான் வரும்.

ஒவ்வொரு செலவுக்கும் வேண்டியவை: தேதி, எதற்கான செலவு, அளவும் விலையும், கொடுத்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு, கொடுத்த தேதி, வாங்கியவர் பெயரும் முகவரியும், பில் எண். பாக்கி வைத்ததையும் செலவு நடந்த அன்றே எழுத வேண்டும். பணம் கொடுக்கும் நாள் வரை காத்திருக்கக் கூடாது. பில் வாங்க வழியில்லாத அஞ்சல் தலை, ரயில் பயணம் போன்றவற்றுக்குத் தேர்தல் நடத்தை விதிகளின் விதி 86 விலக்குத் தருகிறது. பந்தல்காரர், மைக் செட்காரர், பிரியாணி மாஸ்டர் யாருக்கும் அந்த விலக்குக் கிடையாது. அச்சடித்த பில் இல்லாதவரிடம் வெள்ளைத் தாளில் தேதி, விவரம், தொகை, முகவரி, செல்பேசி எண் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எல்லாப் பில்லிலும் நீங்களோ முகவரோ கையெழுத்திட வேண்டும்.

ரொக்கமாகக் கொடுப்பதற்கும் உச்சவரம்பு உண்டு: ஒரு நபருக்கு அல்லது ஒரு கடைக்கு, தேர்தல் முழுவதற்கும் சேர்த்து 10,000 ரூபாய். ஒரு நாளைக்கு என்று தவறாகப் புரிந்துகொண்டு, மைக் செட்காரருக்குத் தினமும் நாலாயிரம் கையில் கொடுப்பவர்கள் மூன்றாம் நாளே மாட்டிக்கொள்கிறார்கள். அவரிடம் பல நாள் வேலை வாங்கப் போகிறீர்கள் என்றால் முதல் நாளே காசோலையாகவோ யுபிஐ மூலமோ தொடங்கிவிடுங்கள்.

ஒரு தெருமுனைக் கூட்டம்

அனுமதியிலிருந்து பார்க்கலாம். ஆணையத்தின் அனுமதி விண்ணப்ப இணையதளமான சுவிதாவில் குறைந்தது 48 மணி நேரம் முன்பு விண்ணப்பம், அதோடு உத்தேசச் செலவுத் திட்டமும் கேட்பார்கள். கூட்டத்துக்கு வீடியோ கண்காணிப்புக் குழு வந்து நிற்கும். அவர்கள் உங்கள் பேச்சைக் கேட்க வரவில்லை. மேடையின் நீள அகலம், நாற்காலி எண்ணிக்கை, குழல்விளக்கு, ஸ்பீக்கர், பேனர், கொடி, வந்து நின்ற வண்டிகளின் பதிவெண் என்று கேமராவை ஓட்டிக்கொண்டே வாயால் சொல்லிப் பதிவு செய்வார்கள். அதைப் பார்வையிடும் இன்னொரு குழு எண்ணிக்கை எடுக்கும். கணக்குக் குழு விலைப் பட்டியலால் பெருக்கி, உங்கள் செலவுக்கு அவர்களே தனியாக எழுதும் 'நிழல் பதிவேட்டில்' ஏற்றும்.

நீங்கள் 150 நாற்காலி, ஒன்று 8 ரூபாய் என்று 1,200 எழுதியிருக்கிறீர்கள். வீடியோவில் 300 நாற்காலி, பட்டியலில் விலை 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நிழல் பதிவேட்டில் 3,000 ஏறியிருக்கும். விலை வித்தியாசத்தை உண்மையான பில்லைக் காட்டி விளக்கப் பார்க்கலாம். எண்ணிக்கை வித்தியாசத்தை விளக்க முடியாது. அதனால் கூட்டம் தொடங்கும் முன்பு உங்கள் ஆளும் செல்பேசியில் மேடையை, நாற்காலி வரிசையை, வண்டிகளை எடுத்து வைக்கட்டும். பந்தல்காரர் பழக்கத்தில் கூடுதலாக இறக்கிவிட்டுப் போன, யாரும் உட்காராத அடுக்கு நாற்காலிகளைத் தனியாகப் படமெடுத்து வையுங்கள். சண்டை பெரும்பாலும் அந்த அடுக்கில்தான் வரும்.

மேடையில் பக்கத்துத் தொகுதி வேட்பாளரும் ஏறினாலோ, பேனரில் அவர் படமும் இருந்தாலோ, செலவு சமமாகப் பிரியும். நட்சத்திரப் பேச்சாளர் வந்தால் அவருடைய பயணச் செலவு கட்சிக் கணக்கில் போகும். அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு 40 பேர், பதிவு மட்டும் பெற்ற கட்சிக்கு 20 பேர் வரை இந்தச் சலுகை. ஆனால் அவரோடு நீங்கள் மேடை ஏறினால், அல்லது உங்கள் பெயரைச் சொல்லி அவர் வாக்குக் கேட்டால், மேடைச் செலவு உங்கள் தலையில். அவருடைய ஹெலிகாப்டரில் தொற்றிக்கொண்டால் பயணச் செலவில் பாதியும் உங்களுக்கு. புகைப்பட ஆசையில் ஏறி, ஒரே நாளில் பட்ஜெட்டைத் தின்னக்கூடிய இடம் இது.

ஆரத்தித் தட்டில் காசு போடுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தெருவில் பெண்கள் தட்டோடு நிற்பார்கள், வேட்பாளர் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போகும். அந்தக் காட்சி யாராவது ஒருவரின் செல்பேசியில் பதிவாகி, விதிமீறலைப் புகார் செய்வதற்கான ஆணையத்தின் சி-விஜில் செயலியில் ஏறினால், 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்பது ஏற்பாடு. கேள்வி அப்போது செலவுக் கணக்கைப் பற்றியதாக இருக்காது, வாக்காளருக்குப் பணம் கொடுத்ததைப் பற்றியதாக இருக்கும். கும்பிட்டுவிட்டு நகருங்கள். அதேபோல், உங்களோடு சுற்றும் தொண்டருக்குச் சாப்பாடு வாங்கினால் அது செலவு. தெருவில் வாக்காளருக்குப் பொட்டலம் கொடுத்தால் லஞ்சம்.

அச்சு, விளம்பரம், வண்டி

நோட்டீஸ், போஸ்டர் எதுவானாலும் அச்சிட்டவர், வெளியிடுபவர் பெயரும் முகவரியும் முகப்பில் இருக்க வேண்டும் (மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 127-ஏ பிரிவு). வெளியிடுபவர் கையெழுத்திட்டு, அவரைத் தெரிந்த இருவர் சான்றொப்பமிட்ட உறுதிமொழியை அச்சகத்தில் கொடுக்க வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எண்ணிக்கையையும் அச்சிடச் சொல்லுங்கள். அச்சகம் தன் பங்குக்கு மாவட்ட நிர்வாகத்திடம் பிரதிகளையும் விவரத்தையும் கொடுக்கும். அச்சகம் 10,000 என்றும் நீங்கள் 5,000 என்றும் எழுதியிருந்தால் முடிந்தது.

உங்கள் மேல் அன்புள்ள ஒருவர் கேட்காமலே பத்திரிகையில் முழுப்பக்க வாழ்த்து விளம்பரம் கொடுப்பார். வேட்பாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் இப்படிச் செலவழிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 176-வது பிரிவில் குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 171-எச். ஒப்புதல் கொடுத்தால் தொகை உங்கள் கணக்கில் ஏறும். இரண்டில் ஒன்றை அன்றே முடிவு செய்யுங்கள். செய்தி வேடத்தில் வரும் விளம்பரத்தை, அதாவது காசு கொடுத்த செய்தியை, ஆணையம் தனியே கண்காணிக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் பிசௌலி தொகுதி உறுப்பினர் உம்லேஷ் யாதவ் 2011-இல் தகுதி இழந்தது அப்படிப்பட்ட செலவைக் கணக்கில் காட்டாததால்தான்.

டிவி, கேபிள், வானொலி, சமூக ஊடக விளம்பரங்களுக்கு ஊடகச் சான்றளிப்புக் குழுவின் முன்அனுமதி வேண்டும். வெளியிடுவதற்கு மூன்று நாள் முன்பு விண்ணப்பியுங்கள். ரீல்ஸ் எடுத்துத் தரும் பையனின் சம்பளமும், பூஸ்ட் போட்ட காசும் செலவுதான். குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால், அதை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை வெளியிட வேண்டும். அந்தக் கட்டணமும் கணக்கில் காட்ட வேண்டியதே.

வண்டிகளுக்கு அனுமதிச் சீட்டு வாங்கி, அசலை முன்கண்ணாடியில் ஒட்டுங்கள். அனுமதி வாங்கிய வண்டி ஓடாவிட்டாலும் ஓடியதாகவே கணக்குப் போடுவார்கள் என்பதால், தேவையில்லாததை உடனே எழுத்தில் ஒப்படைத்துவிடுங்கள். சுயேச்சையாக நிற்கும் உங்கள் பெயரில் வண்டி எடுத்துக்கொண்டு இன்னொருவருக்குப் பிரசாரம் செய்யலாம் என்று யாராவது பேரம் பேசினால் ஒதுங்குங்கள், அப்படிப்பட்ட வண்டிகளை அதிகாரிகள் அதற்கென்றே தேடுகிறார்கள்.

வண்டியில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் இருந்தால் பறக்கும் படை பறிமுதல் செய்யும். 10 லட்சத்தைத் தாண்டினால் வருமான வரித் துறைக்குத் தகவல் போகும். குறைவாக வைத்திருந்தாலும் வங்கியில் எடுத்த சீட்டும் முகவரின் நியமனக் கடிதமும் கூடவே இருக்கட்டும். அச்சடித்த சரக்கை ஏற்றிப் போகும் வண்டியில் அச்சகப் பில்லின் நகல் கட்டாயம்.

பார்வையாளர் முன்னால்

பிரசார காலத்தில் குறைந்தது மூன்று முறை, ஆணையம் நியமித்த செலவுப் பார்வையாளரின் ஆய்வுக்குப் பதிவேட்டைக் கொண்டுபோக வேண்டும். தேதியை முன்பே சொல்வார்கள். அன்றைக்கு முக்கியமான பிரசாரம் இருந்தாலும் போகாமல் இருக்காதீர்கள். நோட்டீஸ் வரும், பிறகும் போகாவிட்டால் வண்டி அனுமதியே ரத்தாகும். முகவரை அனுப்பினால் போதும்.

நிழல் பதிவேட்டோடு வித்தியாசம் இருந்தால் 24 மணி நேரத்தில் நோட்டீஸ். அதற்கு 48 மணி நேரத்தில் எழுத்தில் பதில். பதில் தராவிட்டால் அந்தத் தொகையை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள். 'தவறு, ஏற்கவில்லை' என்று ஒற்றை வரியில் எழுதுவது வீண். எந்தத் தேதி, எந்த இனம், உங்கள் எண்ணிக்கை எவ்வளவு, ஆதாரமாக எந்தப் படம், எந்தப் பில் என்று இனம் இனமாக எழுதி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

முடிவு வந்த பிறகு 30 நாள்

வென்றாலும் தோற்றாலும், போட்டியின்றித் தேர்வானாலும், முடிவு அறிவித்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்கு. மனுவைத் திரும்பப் பெற்றவருக்கு இந்த வேலை இல்லை. 26-ஆம் நாள் கணக்கு ஒப்பிடும் கூட்டம் வைப்பார்கள். பிரசாரத்தின்போது தீராத வித்தியாசத்தை ஆவணம் காட்டித் தீர்த்துக்கொள்ள அதுதான் நல்ல வாய்ப்பு. தோற்றவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை.

கொடுக்க வேண்டிய ஆவணக் கட்டில் இருப்பவை: மூன்று நிறப் பதிவேட்டின் அசல், தேதி வாரியாக எண்ணிட்ட எல்லாப் பில்களும், கையெழுத்திட்ட சுருக்க அறிக்கையும் அதன் அட்டவணைகளும், வங்கிப் பட்டியலின் சான்றிட்ட நகல், உறுதிமொழிப் பத்திரம். பணமே செலவழிக்கவில்லை என்பவரும் பூஜ்ஜியம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அட்டவணையில் பொருந்தாத இடத்தை வெறுமையாக விடாமல் 'இல்லை' என்று எழுதுங்கள். குறை இருக்கிறது என்று அலுவலகத்தில் கட்டைத் திருப்பித் தர நினைத்தால், குறையை எழுத்தில் கேளுங்கள். பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டும் முழுக் கட்டின் நகலும் இல்லாமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள்.

வரம்பைத் தாண்டியதாகத் தெரிந்தால் அது அதே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(6) பிரிவின்படி ஊழல் நடவடிக்கை. வென்றவர் மீது 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட அது காரணமாகும்.

உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். அங்கே வரம்பு மிகச் சிறியது. 2019 ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு 9,000, ஊராட்சித் தலைவருக்கு 34,000, ஒன்றிய வார்டுக்கு 85,000, மாவட்ட ஊராட்சி வார்டுக்கு 1,70,000 ரூபாய். அங்கேயும் 30 நாளில் கணக்கு, தவறினால் மூன்றாண்டுத் தடை. ஒன்பதாயிரத்துக்கெல்லாமா கணக்கு என்று அலட்சியப்படுத்தாதீர்கள்.

கணக்குத் தாக்கலாகவில்லை அல்லது முறையாக இல்லை என்று ஆணையம் நோட்டீஸ் அனுப்பினால், கிடைத்த 20 நாளுக்குள் ஆணையத்துக்குப் பதில் போக வேண்டும், அதன் நகல் மாவட்டத் தேர்தல் அலுவலருக்கும். தாமதத்துக்குச் சரியான காரணம் இருந்தால் ஆணையம் ஏற்கலாம்: மருத்துவமனைச் சீட்டு, இறப்புச் சான்றிதழ் மாதிரி கையில் பிடித்துக் காட்டக்கூடிய காரணம். விதி தெரியாது என்பதைக் காரணமாகச் சொல்லிப் பயனில்லை. பதிவேட்டைத் தந்த அன்றே விதிகளையும் தந்ததற்கு உங்கள் கையெழுத்தை அவர்கள் வாங்கி வைத்திருப்பார்கள்.